வெள்ளக்கன்னியை அழைத்துப்போக வந்தவள்

வியாழக்கிழமை காலை ஏழே கால் மணி. கோலாலம்பூர் புடுராயா நிலையத்தின் கீழ்த்தளத்தில் டீசல் புகை மூக்கை அடைத்தது. கோலா சிலாங்கூர் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது என்று மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பேரும் மூன்று பக்கம் கையைக் காட்டினார்கள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அரசாங்க மருத்துவமனைகளில் மிஸ்ஸியாக இருந்து டாக்டர்களையே அதட்டிப் பழகிய வாய் என்னுடையது. இந்த நாட்டில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நான்காவது ஆளைப் பிடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது ஜோன் என் தோளைத் தட்டினாள். பேருந்து எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது. ஆளுக்கு மூன்று வெள்ளி இருபது காசு கொடுத்து ஏறினோம்.

ஜோன் ஆங்கிலேயப் பெண். வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் ஆகாதவள். ஐம்பதுகளில் நான் இங்கிலாந்துக்குத் தாதிப் பயிற்சிக்குப் போனபோது விடுதியில் எனக்கு அடுத்த கட்டில் அவளுடையது. குளிரில் நான் அழுத முதல் மாதம் தன் போர்வையையும் சேர்த்து என்மேல் போட்டவள். அந்தக் கடன் எனக்கு உண்டு. பேருந்தில் மடிமேல் ஒரு முழ நீளத்துக்கு ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே தட்டில் வைக்கலாமே என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவளுடைய கிராமத்துத் தச்சர் செய்து கொடுத்த பெட்டி அது. எலும்புகளை வைத்து ஊருக்குக் கொண்டுபோவதற்காக.

விஷயம் இதுதான். மூன்று வருஷமாக ஜோன் தன் குடும்பத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறாள். பெரிய வம்சம் ஒன்றும் இல்லை. ஏர் ஓட்டிய கூலிக்காரர்கள், ஊர்த்துணி துவைத்த பெண்கள். முப்பது வீடும் ஒரு தேவாலயமும் உள்ள கிராமம். தேவாலயத்தின் பழைய ஏடுகளைப் புரட்டி ஐந்து தலைமுறை ஆட்களை ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். பெயர், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். அத்தனை பேரும் பிறந்த இடத்திலிருந்து அரை மைலுக்குள் புதைந்திருக்கிறார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் ஜோனின் பெரியம்மா மேபல்.

மேபல் பதினான்கு வயதில் வீட்டு வேலைக்குப் போனவள். இருபத்து மூன்றாம் வயதில் மலாயாவுக்கு வந்த ஒரு தோட்டத் துரையின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகக் கப்பலேறினாள். வந்த பதினோராவது மாதம் காய்ச்சலில் செத்துப்போனாள். தோட்டத்திலேயே அடக்கம் செய்து பெயர் வெட்டிய கல் நட்டிருக்கிறோம் என்று துரைசானியிடமிருந்து ஒரு பக்கத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. அதோடு சரி. மேபலுக்கு ஒரே தங்கை ஈடித். அவள்தான் ஜோனின் அம்மா. இப்போது எழுபத்தாறு வயது, இதயம் ரொம்பப் பலவீனம். அடுத்த குளிர்காலத்தைத் தாண்டுவாளா என்று டாக்டரே சந்தேகப்படுகிறார். பெற்றோர் கல்லறைக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள். ஒன்று தனக்கு, மற்றது அக்காவுக்கு. என்னைப் புதைப்பதற்கு முன் அவளைக் கொண்டுவந்துவிடு என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜோன் எனக்கு எழுத, நான் தோட்டத்துக்கு எழுத, அங்கிருந்த பெரிய கிராணியார், அதாவது தலைமைக் குமாஸ்தா, மூன்றே வரியில் பதில் போட்டார். அந்தப் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. தொழிலாளர்கள் அதை வைத்துக் கும்பிடுகிறார்கள். நிர்வாகத்துக்கு ஆட்சேபணை இல்லை, தொழிலாளர்களைப் பற்றி உறுதி சொல்ல முடியாது. இந்த மூன்றாவது வரியை நான் ஜோனிடம் அழுத்திச் சொல்லவில்லை. நேரில் போனால் பேசிச் சமாளித்துவிடலாம் என்ற என் திமிர்தான் காரணம்.

காலை ஒன்பதரை. சுங்கை பூலோ, ஈஜோக், புக்கிட் ரோத்தான் என்று அறுபத்தேழு கிலோமீட்டர் வந்து கோலா சிலாங்கூரில் இறங்கினோம். ஆற்று வாயில் உள்ள சின்ன ஊர். இரண்டு வரிசைக் கடைகள், மீன் வாசனை, பின்னால் ஒரு குன்று, குன்றின் மேல் கலங்கரை விளக்கம். நேரே சுகாதார அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த மலாய் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் ஒவ்வொரு நிபந்தனையையும் விரல் விட்டு எண்ணினார். தோண்டும்போது இன்ஸ்பெக்டர் ஒருவர் கூடவே இருப்பார். எடுத்ததை அவர் முன்னால் பெட்டியில் வைத்து முத்திரை இட வேண்டும். நாளை வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு அவர் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிவிடுவார், அதற்குள் முடிய வேண்டும். தகராறு என்று வந்தால் அந்த நிமிஷமே அனுமதி ரத்து.

மறுபடி ஒரு நாள் கிடைக்குமா என்று கேட்டேன். விண்ணப்பத்தைப் புதிதாகப் போடுங்கள், இரண்டு மாதம் ஆகும் என்றார். ஜோனின் விமானம் சனிக்கிழமை இரவு. ஆக எங்களுக்கு இருந்தது வெள்ளிக்கிழமை காலை மட்டும்தான். உள்ளூர்ப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றிரவு தங்க குன்றின் மேலிருந்த அரசாங்க விடுதியில் ஓர் அறை, இருபத்திரண்டு வெள்ளி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாளைக்கு ஒரு டாக்சி பேசினேன். ஓட்டுநர் ஹமீது நானா, நாகப்பட்டினத்துக் குடும்பம், இங்கேயே பிறந்தவர். போகவர முப்பது வெள்ளி என்று ஒத்துக்கொண்டார். எதற்குப் போகிறோம் என்று சொன்னதும் பல்லிடுக்கில் இருந்த குச்சியை எடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"வெள்ளக்கன்னி கோயிலா? மிஸ்ஸி, அந்தத் தோட்டத்துல கல்யாணம்னா மொதப் பத்திரிகை அந்தக் கல்லுக்குத்தான் வெப்பாங்க. பாத்துப் பேசுங்க."

இதையும் நான் ஜோனிடம் சொல்லவில்லை.

மாலை ஐந்து மணி. விடுதி வாசலில் சாம்பல் நிறக் குரங்குகள் குட்டிகளோடு உட்கார்ந்திருந்தன. குட்டிகள் மட்டும் நல்ல ஆரஞ்சு நிறம். இன்னொரு நாளாக இருந்தால் ஜோன் ரசித்திருப்பாள். அன்று அறையை விட்டு வெளியே வரவில்லை. மேபல் தங்கைக்கு எழுதிய நான்கு கடிதங்களைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். நானும் படித்தேன். வெயில் தாங்கவில்லை. கொசு. துரைவீட்டுச் சின்னப் பையன் கடிக்கிறான். நம் கோழிகள் முட்டையிடுகின்றனவா? தோட்டத்து ஆட்கள் கறுப்பாக இருக்கிறார்கள், கும்பலாக வந்தால் பயமாக இருக்கிறது, ஆனால் ஒரு பெண் எனக்கு மல்லிகைப் பூ கொடுத்தாள். இவ்வளவுதான். உலகத்துக்குச் சொல்ல அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. இந்த மாதிரி ஒரு பெண்ணைத் தேடித்தான் ஜோன் ஆறாயிரம் மைல் வந்திருக்கிறாள் என்று நினைத்தபடி கடிதங்களை மடித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழேமுக்கால். குன்றிலிருந்து இறங்கி, ஆற்றை ஒட்டிப் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் போகும் சாலையில் பத்தொன்பது கிலோமீட்டர். அதன்பின் செம்மண் பாதை. தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் எல்லாரும் ஏழாங்கட்டைத் தோட்டம் என்றே சொல்கிறார்கள். இங்கே மைலைக் கட்டை என்பார்கள்; பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஏழாவது மைல். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள், ஒரே உயரம், ஒரே இடைவெளி. எத்தனை தூரம் போனாலும் அதே இடத்தில் நிற்கிறமாதிரி இருந்தது. முன்னால் எல்லாம் ரப்பர்தான், பதினைந்து வருஷத்துக்கு முன் வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள் என்றார் ஹமீது நானா. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. ஜோன் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி வந்தாள்.

எட்டரை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் கோயில். அங்கே அறுபது எழுபது பேர் நின்றார்கள். வேலை நாளில் இத்தனை பேர் குலை வெட்டப் போகாமல் நிற்கிறார்கள் என்றால் சேதி முன்பே வந்துவிட்டது என்று அர்த்தம். சுகாதார இன்ஸ்பெக்டர் தன் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் தனியாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹமீது நானா எங்களை இறக்கிவிட்டு, டாக்சியைச் சாலையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். 

கல்லை அப்போதுதான் பார்த்தோம். இரண்டடி உயரம். மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தும் எழுத்து தெரிந்தது: மேபல், வயது இருபத்து நான்கு. கல்லுக்கு வெள்ளைக் கவுன் போட்டிருந்தார்கள், கழுத்தில் பின்னல் வேலை செய்த புதுக் கவுன். முன்னால் ஒரு தட்டில் பால் தேநீர், நான்கு பிஸ்கட், ஒரு வாழைப்பழம். ஜோன் அப்படியே நடந்து உள்ளே போய்விட்டாள், காலணியோடு. கூட்டத்தில் ஒரு சலசலப்பு கிளம்பியது. நான் போட்ட சத்தத்தில் அவள் திடுக்கிட்டு வெளியே வந்து காலணியைக் கழற்றினாள்.

பூசாரி மாரிமுத்து நாற்பத்தைந்து வயது மனிதர், செம்பனைக் குலை வெட்டுகிறவர். அவர் பேசுமுன் ஒரு பெண் முன்னால் வந்தாள். பெயர் பாக்கியம், தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை. முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"எங்க அம்மாவத் தோண்டித் தூக்கிட்டுப் போக வந்திருக்கீங்களா மிஸ்ஸி? நீங்களும் தமிழ்தானே?"

நான் நிலைமையைச் சொன்னேன். சொன்னேன் என்ன, கெஞ்சினேன். சாகக் கிடக்கும் தங்கை, விட்டு வைத்த இடம், எல்லாம். பாக்கியம் விடவில்லை. கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை அப்படியே விட்டுவிடக் கூடாது என்று அந்தக் காலத்து ஆட்கள் படையல் போட ஆரம்பித்தார்களாம். பங்களாச் சமையல்காரனிடம் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று விசாரித்து, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்பாள் என்று தெரிந்துகொண்டு, அதையே வைக்கிறார்களாம். ரத்தம் பார்த்துப் பழக்கமில்லாத பிள்ளை என்பதால் இந்தக் கோயிலில் மட்டும் கோழி அறுப்பதில்லை. ஜப்பான்காரன் இருந்த காலத்தில், மரவள்ளிக்கிழங்குகூடக் கிடைக்காதபோதும், ஒரு குவளை வெந்நீராவது வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக யாரும் இவளைத் தேடி வரவில்லையே, இப்போது மட்டும் எங்கிருந்து உறவு முளைத்தது என்று கேட்டாள். அதை நான் ஜோனுக்கு மொழிபெயர்த்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது. 

ஒன்பதேமுக்கால். பேச்சு முற்றி, பின்னால் நின்ற ஆண்கள் இரண்டு அடி முன்னால் வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் கிளம்பிவிட்டால் எல்லாம் போச்சு. அப்போதுதான் மாரிமுத்து கையைத் தூக்கினார். நாம் எதற்குச் சண்டை போட வேண்டும், அம்மாவையே கேட்டுவிடுவோம், பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக வெற்றிலையில் மடித்துக் கல்லுக்கு முன் போடுவது. வெள்ளை வந்தால் அம்மா போகச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. யார் எடுப்பது என்ற பேச்சு வந்தபோது, ரத்த உறவு அவர்தான், அவரே எடுக்கட்டும் என்று ஜோனைக் காட்டினார்.

ஜோன் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். இது சீட்டுக் குலுக்கல் மாதிரி இருக்கிறதே, சிவப்பு வந்தால் என் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று என் காதில் கேட்டாள்.  வேறு வழி இல்லை என்றேன். கற்பூரம் கொளுத்தினார்கள். மாரிமுத்து இரண்டு பொட்டலத்தையும் உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிக் கல்லடியில் போட்டார். ஜோன் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடது பக்கம் கிடந்ததை எடுத்தாள். அதைப் பிரிக்காமல் நீட்டினாள். பாக்கியம்தான் வாங்கிப் பிரித்தாள். வெள்ளை.

 பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பாக்கியம் அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிவிட்டு ஒதுங்கி நின்றாள். நம் ஆட்களைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் அன்று அவர்கள் சொன்ன சொல்லில் நின்றார்கள், அதை நான் எங்கேயும் சொல்வேன்.

பத்தரை. மாரிமுத்து கல்லைக் கும்பிட்டு, கவுனைக் கழற்றி மடித்து வைத்து, தானே சாங்கோலை எடுத்தார். சாங்கோல் என்பது இங்கே மண்வெட்டி. இரண்டு பேர் கல்லை நகர்த்திப் படுக்கவைத்தார்கள். முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. ஓர் அடி தோண்டினார்கள், இரண்டு அடி, மூன்று அடி. செம்மண் போய் மஞ்சள் களிமண் வந்தது. ஜோன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குழி ஓரத்தில் நின்றாள். நான்கு அடி. அகலமும் கூட்டினார்கள். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, இது வெட்டாத மண் என்றார். யாரும் எந்தக் காலத்திலும் தோண்டாத மண். எலும்பு இல்லை, பலகைத் துண்டு இல்லை, ஒரு பொத்தான்கூட இல்லை.

மணி பதினொன்றே கால். எனக்குத் தலைக்கேறிவிட்டது. எல்லாரும் சேர்ந்து எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ராத்திரியே எடுத்து எங்கே ஒளித்து வைத்தீர்கள், பூக்கட்டி நாடகம் வேறு ஆடினீர்களா என்று மாரிமுத்துவைப் பிடித்துக் கத்தினேன். குழிக்குள் மார்பளவு நின்றபடி அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என்னைவிட அதிகம் அதிர்ந்துபோயிருந்தது அவர்தான்.

"ஒளிக்கல மிஸ்ஸி. ரப்பர வெட்டுனப்ப கோயில மாத்தச் சொன்னாங்க. எங்கப்பா அங்கருந்து பிடிமண் எடுத்து, தலையில வெச்சு, மேளத்தோட கொண்டாந்தாரு. கல்லையும் கொண்டாந்தோம். அம்மா வந்துட்டாங்கன்னுதான் நாங்க இருந்தோம். எலும்பு தனியா அங்கயே கெடக்கும்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தோணல."

பிடிமண் என்றால் ஒரு பிடி மண். கோயில் இடம் மாறும்போது பழைய இடத்திலிருந்து ஒரு கை மண்ணை எடுத்துப் புது இடத்தில் வைத்தால் தெய்வமே வந்துவிட்டதாகக் கணக்கு.  அப்படி வந்த பிறகு பழைய இடத்தில் எலும்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. கல்லைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு வந்த எனக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லையே, இவர்களை என்ன சொல்ல?

பழைய இடம் எது என்று கேட்டேன். மாரிமுத்துவும் இன்னும் நாலு பேரும் கிழக்கே கையைக் காட்டினார்கள். கிழக்கிலேயே ஐந்து பேர் கையும் ஐந்து இடத்தைக் காட்டியது. அங்கே நின்ற பெரிய மரத்தையும் பழைய பாதையையும் இயந்திரம் வைத்துத் தள்ளி, நிரவி, வரிசை கட்டிச் செம்பனை நட்டிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஏக்கரில் எந்த மரத்தடி என்று தேடுவது? இடத்தைச் சரியாகத் தெரிந்திருந்த மாரிமுத்துவின் அப்பாவும் செத்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஜோனுக்கு இதையெல்லாம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. கொட்டகைக்கு வெளியே வந்து மழையில் நனைந்தபடி கேட்டுக்கொண்டாள். பெட்டியை மூடினாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அப்படியானால் இவர்கள் செய்ததை நானும் செய்யலாமா, நானும் ஒரு பிடி மண் கொண்டுபோகிறேனே?

நான் அதைத் தமிழில் சொன்னதும் மாரிமுத்துவின் முகம் தெளிந்தது. தாராளமாக எடுக்கலாம் என்றார். பூவும் வெள்ளை வந்துவிட்டதே, அம்மா அங்கேயும் இருப்பார், இங்கேயும் இருப்பார். ஜோனிடம் நான் திரும்புவதற்குள் பாக்கியம் குறுக்கே வந்தாள். இப்போது முகத்துத் துணியை அவிழ்த்திருந்தாள். சண்டைக்கு வரவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"எடுத்துட்டுப் போகட்டும். அங்க வருஷா வருஷம் யாரு படைப்பா?"

ஜோன் சொன்னாள்: அம்மா இருக்கும்வரை அம்மா, பிறகு நான். உங்களுக்குப் பிறகு என்று கேட்டாள் பாக்கியம்.  அவளுக்கு உடன்பிறப்பு இல்லை, பிள்ளை இல்லை. கிராமத்து இளைஞர்கள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டார்கள். பாதிரியாரே நான்கு ஊருக்குச் சேர்த்து ஒருத்தர், மாதம் ஒரு தடவை வருகிறார். தேவாலயத்தை மூடிவிடலாமா என்று பேச்சு நடக்கிறது. எனக்குப் பிறகு யாரும் இல்லை என்றாள்.

இங்கே நான் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் பொய் சொல்ல என் நாக்கு துடித்தது. ஊரே கும்பிடும், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அடித்துவிட்டால் இரண்டு நிமிஷத்தில் மண் கைக்கு வந்துவிடும். ஜோனுக்குத் தெரியப்போவதில்லை, இவர்களும் இங்கிலாந்துக்கு வந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் என்னால் முடியவில்லை. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

பாக்கியம் என்னைத்தான் பார்த்தாள்.

"அப்ப எப்படி மிஸ்ஸி அனுப்புறது? பட்டினி போடவா?"

இதையும் மொழிபெயர்த்தேன். ஜோன் குழியைப் பார்த்தாள், படுத்திருந்த கல்லைப் பார்த்தாள், வெளியே எடுத்து வைத்த தட்டில் மழையில் கரைந்துகொண்டிருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள். மணி பதினொன்றே முக்கால். இன்ஸ்பெக்டர் மென்மையாக, அம்மா, நான் கிளம்ப வேண்டும் என்றார். ஜோன் தலையை ஆட்டினாள். குழியை மூடச் சொல், அவள் இங்கேயே இருக்கட்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அனுமதித் தாளை மடித்து இன்ஸ்பெக்டரிடமே கொடுத்துவிட்டாள். பிறகு மண்ணைத் தள்ள அவளே குனிந்தாள். பாக்கியம் அவள் பக்கத்தில் குனிந்து தானும் தள்ளினாள்.

கல்லை நிமிர்த்தி, கழுவி, கவுனை மாட்டிய பிறகு பாக்கியம் என்னைக் கூப்பிட்டாள். அந்தத் தங்கச்சிக்கும் அங்கே யாரும் இருக்கப்போவதில்லை என்றுதானே அர்த்தம், அவர் பெயர் என்ன என்று கேட்டாள். ஈடித் என்றேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "காலம் வந்ததும் ஒரு கடுதாசி போடச் சொல்லுங்க. அக்காகூடவே சேத்து வெச்சுக்கறோம். அவங்களுக்கு என்னா புடிக்கும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

நான் ஜோனிடம் கேட்டேன். வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அந்தத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லையே, நான் கேட்டதே இல்லையே என்றாள்.

பகல் ஒன்றரை. திரும்பும் வழியில் ஹமீது நானா ஒரு பள்ளிவாசல் ஓரம் நிறுத்தித் தொழுதுவிட்டு வந்தார். நாங்கள் வண்டிக்குள்ளேயே இருந்தோம். ஜோனின் நாட்டில் எல்லாருக்கும் கல்லறை இருக்கிறது, தேதி இருக்கிறது, ஏடு இருக்கிறது. ஐந்து தலைமுறையின் பெயரைப் புரட்டிப் பார்க்கலாம். இந்தத் தோட்டத்து ஆட்களுக்குத் தங்கள் தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்றே தெரியாது. ஆனால் எவளோ ஒரு வேலைக்காரிக்கு ஒரு வருஷமும் தவறாமல் தேநீர் வைக்கிறார்கள். எனக்கும் ஒரே மகன், மெல்பர்னில் இருக்கிறான், நல்ல பிள்ளைதான். எனக்கு என்ன பிடிக்கும் என்று அவனைக் கேட்டால் சொல்வானா? அந்தப் பயணத்தில் எனக்குப் பயம் வந்த இடம் கூட்டத்துக்கு நடுவில் இல்லை, இந்த இடத்தில்தான்.

ஜோன் ஊருக்குப் போய் ஆறு வாரம் கழித்துக் கடிதம் போட்டாள். அதைத் தமிழில் எழுதிப் பாக்கியத்துக்கு அனுப்பிவைத்தேன். கடிதத்தில் இப்படி இருந்தது:

"நடந்ததை எல்லாம் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பாக்கியம் கேட்டதைக் கேட்டேன். நான் இன்னும் சாகவில்லையே என்று கோபித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: எனக்கென்று தனியாக எதுவும் வைக்க வேண்டாம். மேபலுக்கு வைப்பதில் பாதி போதும். எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் முழுசாகக் கிடைத்ததில்லை, அவள் பாதி, நான் பாதி என்றுதான் தின்றோம். பெரிய பாதியை எனக்குத் தரும்படி அவளிடம் யாரும் சொல்லத் தேவையில்லை. அவள் எப்போதும் அப்படித்தான் தருவாள்."